வெள்ளைப் பொடிக்குத் தனிக் கூரை

தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் சாமான் ரூமைத் திறந்து காட்டச் சொல்வது என் வழக்கம். வத்தலக்குண்டிலிருந்து மேலேறி பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலையில் எந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். "தண்ணி வாடையா இருக்குன்னு கூப்பிட்டா, இவரு குடோனுக்குள்ள போறாரே" என்று வீட்டுக்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். தண்ணீர்த் தொழிலில் இத்தனை வருடம் இருந்தபின் எனக்குள் ஊறிப்போன பயம் ஒன்று உண்டு. அந்தப் பயம் தொட்டியிலோ ஊற்றிலோ இல்லை, அந்த ரூமில் இருக்கிறது.

இந்த வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. மேட்டில் ஓர் ஊற்றைக் கட்டி, கறுப்பு ஹோஸ் போட்டு, தண்ணீரைத் தானாக இறக்கித் தொட்டியில் நிரப்புவார்கள். கரண்டும் பல வீடுகளுக்கு இல்லை, இருந்தாலும் மழைக்காலத்தில் நம்ப முடியாது. கூரையில் சோலார் தகடு, கீழே வரிசையாக பேட்டரி. இப்படி ஒரு வீடு தன் தண்ணீரையும் தன் வெளிச்சத்தையும் தானே உண்டாக்கிக்கொள்ளும்போது, ஊரில் பத்து இடத்தில் பிரிந்து கிடக்கிற சாமான்கள் எல்லாம் ஒரே அறைக்கு வந்துவிடுகின்றன. பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட், ஜெனரேட்டருக்கு டீசல், ஜீப்புக்கு பிரேக் ஆயில், காப்பிச் செடிக்கு யூரியா, போர்டோ கலவைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும், கக்கூஸ் கழுவ ஒரு பாட்டில் ஆசிட். இவற்றுக்கு நடுவே, பாதி பிரித்துச் சணலால் கட்டிய பிளீச்சிங் பவுடர் மூட்டை.

நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினுக்குத் தனிக் கட்டடம் இருக்கும், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள் இருப்பார், கசிந்தால் அடிக்க மணி இருக்கும். தோட்டத்து வீட்டில் அந்தக் கட்டடம், அந்த ஆள், அந்த மணி எல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதர்தான். பெரும்பாலும் அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். முதலாளி மதுரையிலோ சென்னையிலோ இருப்பார். "தொட்டியில ரெண்டு கை பவுடர் போட்டுருப்பா" என்று போனில் சொல்லியிருப்பார். அதுதான் அவருக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சி.

அந்த ரூமில் எதற்கு எது ஆகாது என்று நான் சொல்லும்போது அவர்கள் திகைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். பிளீச்சிங் பவுடரோடு எந்த ஆசிட் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். பேட்டரி ஆசிட்டும் சரி, கக்கூஸ் ஆசிட்டும் சரி. அந்தப் பவுடரோடு யூரியாவோ அம்மோனியா உரமோ ஈரத்தில் சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் ஆவிகள் வரும். யூரியா விஷயத்தில் வெடிக்கக்கூடிய பொருளே உண்டாகலாம். 65, 70 சதவீத குளோரின் உள்ள குருணை மருந்து ஒன்று உண்டு, நீச்சல் குளத்துக்கு வாங்குவார்கள். அதன்மேல் பிரேக் ஆயில் பட்டால் நெருப்புக்குச்சி தேவையில்லை, கொஞ்ச நேரத்தில் தானே பற்றிக்கொள்ளும். இதெல்லாம் போகட்டும், தண்ணீருக்கே போடுகிற இரண்டு மருந்துகள் ஒன்றுக்கொன்று பகை என்பது பலருக்குத் தெரியாது. படிகாரம் புளிப்புத் தன்மை உள்ளது. படிகாரக் கரைசலையும் பிளீச்சிங் கரைசலையும் ஒரே வாளியில் கலந்தால் அங்கேயும் குளோரின் வாயுதான். "ரெண்டும் தண்ணி மருந்துதானேண்ணே" என்று கேட்டுக்கொண்டே ஒரே வாளியில் கரைக்கப் போனவரை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

இதில் வெள்ளை நிறம் வேறு பெரிய ஆபத்து. யூரியா வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, படிகாரத் தூள் வெள்ளை, பிளீச்சிங் பவுடரும் வெள்ளை. பெயர் அச்சடித்த பை கிழிந்ததும் எல்லாம் பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் போய்விடும். போர்டோ கலவைக்குச் சுண்ணாம்பு எடுக்க வந்த ஆள் எந்த டப்பாவைத் திறப்பார் என்று யார் சொல்வது?

பிளீச்சிங் பவுடர் தன் குணத்தாலேயே பொல்லாதது என்று நான் சொல்லவரவில்லை. இந்தப் பொடியை எனக்கு உயிருக்கு உயிராகப் பிடிக்கும். கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் 1799-இல் துணி வெளுக்கத்தான் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1905-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் டைபாய்டு பரவியபோது அலெக்சாண்டர் ஹூஸ்டன் என்ற மருத்துவர் ஊர்த் தண்ணீருக்குத் தொடர்ந்து குளோரின் மருந்து கொடுத்தார். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி அதையே பெரிய அளவில் செய்தது. அதற்குப் பின் எத்தனை பிள்ளைகள் வாந்திபேதியில் சாகாமல் பிழைத்திருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இந்த வேலைமேல் மரியாதை கூடும். அதே குளோரினைத்தான் 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் சிலிண்டர்களிலிருந்து திறந்துவிட்டு மனிதர்களைக் கொன்றார்கள். இந்த இரண்டும் நடந்தது பத்தே வருட இடைவெளியில். சாமான் ரூமில் பிளீச்சிங் மூட்டைக்குப் பக்கத்தில் ஆசிட் கேனைப் பார்க்கும்போது எனக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

இனி கணக்குக்கு வருகிறேன். என் வேலையில் பாதி இந்தக் கணக்கை உட்கார்ந்து விளக்குவதுதான்.

நல்ல புதுப் பவுடரில் நூற்றுக்கு 33 பங்குவரை குளோரின் இருக்கும். கடையில் இருந்து, வண்டியில் வந்து, நம் கைக்குச் சேரும்போது 25 என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. தெளிந்த ஊற்றுத் தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போதும் என்றால், 1000 லிட்டர் தொட்டிக்கு 2 கிராம் குளோரின். அதற்கு 25 சதவீதப் பவுடர் 8 கிராம். வெறும் 8 கிராம்! நாலு பேர் இருக்கிற வீடு நாளைக்கு 500 லிட்டர் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 4 கிராம், வருடத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. ஆனால் வாங்கி வைத்திருப்பதோ 25 கிலோ மூட்டை. "அடிக்கடி மலை இறங்க முடியாதுல்ல, மொத்தமா வாங்கிப் போட்டோம்" என்பார்கள். அந்த ஒரு மூட்டை அந்த வீட்டுக்குப் பதினேழு வருடத்துக்கு வரும். இந்தப் பொடியோ அந்த மலையில் ஒரு மழைக்காலம் தாங்காது.

ஐப்பசி, கார்த்திகையில் கீழ்ப்பழனியில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும். துணி காயாது, தீப்பெட்டி உரசினால் பற்றாது. அந்த ஈரத்தில் வாய் திறந்த பிளீச்சிங் மூட்டை பிசுபிசுத்து, கட்டி தட்டி, குளோரினை மெல்ல மெல்லக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று முதலில் தின்பது இரும்பை. ஆணி, கீல், மண்வெட்டி எல்லாம் துரு ஏறும். அடுத்து பேட்டரி முனைகளும் செம்புக் கம்பிகளும் பச்சை பூக்கும். "சோலார்காரன் ஏமாத்திட்டான், ரெண்டு வருசத்துல கனெக்சனெல்லாம் போச்சு" என்று ஒரு தோட்டத்தில் அங்கலாய்த்தார்கள். பேட்டரி வரிசைக்கு மூன்றடி தள்ளி மூட்டை இருந்தது. மூட்டையை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னேன், முனைகளைச் சுத்தம் செய்து மாட்டியபின் அந்தத் தொந்தரவு திரும்ப வரவில்லை.

பொடி பலம் இழந்தபின் நடப்பதுதான் என்னைக் கவலைப்படுத்துவது. சொன்ன அளவு போட்டும் வாசனை வரவில்லை என்று கூட ஒரு கை போடுவார்கள். அப்புறம் இன்னொரு கை. திடீரென்று யாரோ புதுப் பாக்கெட் வாங்கி வருவார்கள், பழைய கைக்கணக்கிலேயே அதையும் போடுவார்கள். அன்றைக்குத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. தொட்டித் தண்ணீரை வேண்டாம் என்று பிள்ளைகள் நேராக ஓடைக்குப் போய்க் குடிக்கும். மருந்து போட்டதன் பலனே தலைகீழாகிவிடும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: அரைக் கிலோ, ஒரு கிலோ என்று மூடி முத்திரையிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள், தேதி பார்த்து வாங்குங்கள். வாங்கிய அன்றே திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். தகர டப்பா கூடாது. வெளியே பெயரும் தேதியும் தமிழில் பெரிதாக எழுதுங்கள். டப்பாவை அந்தச் சாமான் ரூமுக்குள் வைக்கவே வேண்டாம். வீட்டின் வடக்குப் பக்கம், வெயில் நேராக விழாத இடத்தில், இடுப்புயரத்துக்கு ஒரு சின்னக் கூண்டு. மேலே ஓடு, இரண்டு பக்கமும் காற்றுப் போக இடம், பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டு. இந்தக் கூண்டைக் கட்டாத வீட்டில் நான் குளோரின் வேலையை ஏற்றுக்கொள்வதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அது அவர்கள் இஷ்டம். திரவமாக வரும் சோடியம் ஹைப்போகுளோரைட் கேன்களை இந்த வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பதும் இல்லை. 10, 12 சதவீதத்தில் வாங்கினாலும் வெயிலில் வேகமாகப் பலம் போகும், உள்ளே வாயு சேர்ந்து கேன் உப்பும், மலைப்பாதைக் குலுக்கலில் மூடி வழியாகக் கசியும். ஆள்களோடு ஒரே ஜீப்பில் அதை ஏற்றிக்கொண்டு வருவதை நினைத்தாலே எனக்குப் பொறுக்காது.

கரைக்கிற முறையை ஒவ்வொரு வீட்டிலும் நானே ஒருமுறை செய்து காட்டி, பிறகு அவரைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நிற்பேன். வெட்டவெளியில், காற்று முதுகுப் பக்கம் அடிக்கும்படி நிற்க வேண்டும். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது, அதை நம்பிக் குனியக் கூடாது. நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளச் சொல்வேன், விலை அதிகமில்லை. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பொடி. பொடிமேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். மரக்குச்சியால் கலக்கி அரை மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட வேண்டும். அந்த வாளி, அந்தக் குச்சி, அந்தக் கரண்டி வேறு எதற்கும் போகக் கூடாது. நான் அவற்றுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுவேன்.

சிவப்பு வாளிக்குக் காரணம் உண்டு. ஒரு தோட்டத்தில் நான் ஹோஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது வீட்டின் பின்பக்கம் இருமல் சத்தம் கேட்டது. வீட்டு வேலை பார்க்கும் அக்கா, காலையில் பிளீச்சிங் கரைத்த வாளியைக் கழுவாமலே எடுத்துப் போய், கக்கூஸ் கழுவ அதில் ஆசிட்டை ஊற்றியிருந்தார். அடியில் தங்கியிருந்த வண்டல் போதுமானதாக இருந்தது. போய்ப் பார்த்தால் கண்ணெல்லாம் நீர், மூச்சு இழுக்கிறது, ஆனாலும் வாளியைத் தூக்கி வெளியே வைக்கப் போகிறார். "அக்கா, வாளிய விட்டுட்டு வாங்க! மேட்டுக்கு வாங்க!" என்று கத்தினேன். அவர் வாசல் வழியாகப் பள்ளத்துப் பக்கம் ஓடப் பார்த்தார். குளோரின் காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம். பள்ளத்தை நோக்கித்தான் வழியும். கையைப் பிடித்துக் காற்றுக்கு எதிர்த்திசையில் மேட்டுக்கு இழுத்துப் போனேன். கீழே தொழிலாளர் லயத்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் கூப்பிட்டு மேலே ஏற்றினோம். உட்கார வைத்து, கண்ணில் ஓடும் தண்ணீரைக் கால்மணி நேரத்துக்கு மேல் விட்டுக் கழுவினோம். மோர் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன். அரை மணியில் இருமல் தணிந்ததும், "ஒண்ணுமில்ல தம்பி, சரியாப் போச்சு, சமையல் கெடக்கு" என்று அவர் எழுந்துகொண்டார். நான் விடவில்லை. குளோரினை ஆழமாக இழுத்தவருக்கு நெஞ்சில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம். ஜீப்பில் ஏற்றி மலையிறக்கி ஆஸ்பத்திரியில் காட்டினேன், அன்று இரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். நல்லபடியாகத் திரும்பினார். வத்தலக்குண்டு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிற இடத்தில், மூச்சு முட்டியபின் கிளம்பலாம் என்று காத்திருக்க முடியாது. 108-க்குப் போன் செய்தாலும் வண்டி மேலே வரும்வரை காத்திராமல், இருக்கிற வண்டியில் ஏற்றி எதிரே இறங்குவதுதான் எங்கள் மலையில் வழக்கம்.

காப்பிப் பழம் எடுக்கும் காலத்தில் எனக்கு அழைப்புகள் கூடும். மழையும் முடிந்திருக்காது, பழத்தோல் உரிக்கிற மிஷினும் ஓடத் தொடங்கியிருக்கும். தோல் கழுவிய தண்ணீர் மேட்டுத் தோட்டத்திலிருந்து ஓடையில் கலந்தால், கீழ்த் தோட்டத்து ஊற்று பழுப்பாகப் புளிப்பு வாடையோடு வரும். அந்தத் தண்ணீரில் எவ்வளவு குளோரின் போட்டாலும் அழுக்கே அதைத் தின்று தீர்த்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. கலங்கலுக்குள் ஒளிந்த கிருமியை குளோரின் தொடுவதும் இல்லை. அப்போது கூடுதலாகப் போடுவது தீர்வாகாது. முதலில் தெளியவைக்க வேண்டும். பழைய ஆட்கள் தேத்தாங்கொட்டையை மண்பானையில் உரசித் தெளியவைப்பார்கள், குடத்துத் தண்ணீருக்கு அது நல்ல வழி. தொட்டிக்குப் படிகாரம். ஆனால் மலை ஊற்றுத் தண்ணீர் உப்புச்சத்து இல்லாத மென்னீர். படிகாரம் திரள்வதற்கு வேண்டிய காரத்தன்மை அதில் போதாது. சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தால்தான் பஞ்சுபோல் திரண்டு அடியில் இறங்கும். இறங்கியபின் தெளிநீரை வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கேதான் குளோரின். இரண்டு தொட்டி வைக்க மனமில்லாதவர்களுக்கு அந்த ஒரு மாதம் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

போட்ட மருந்து சரியா என்று நாக்கைக் கேட்கக் கூடாது, மூக்கையும் கேட்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்துச் சோதனைக் கிட்டில் பார்க்க வேண்டும். குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தொட்டியில் 0.5 இருந்தால் எனக்குத் திருப்தி. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் கிட்டில் ஒரு கண்ணி உண்டு. குளோரின் மிக மிக அதிகமானால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும். மருந்தே இல்லை என்று நினைத்து மேலும் அள்ளிப் போட்டவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு பங்கு தொட்டித் தண்ணீரில் ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் கலந்து மறுபடி சோதியுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

தொட்டி கழுவும் நாள் தனி. லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவில், அதாவது 1000 லிட்டருக்கு 200 கிராம் பவுடர் கரைத்து ராத்திரி முழுக்க விடுகிறோம். அன்றைக்குத் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. இறங்கித் தேய்க்கிற வேலையெல்லாம் மருந்து போடுமுன் முடிந்திருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் இளவட்டப் பையன்கள் மருந்துத் தண்ணீரில் இறங்கித் தேய்ப்பார்கள். மூடிய தொட்டிக்குள் மூச்சு முட்டினால் மேலே நிற்பவரால் தூக்க முடியாது. காப்பாற்ற இறங்குகிறவரும் சேர்ந்து விழுவார். மறுநாள் அந்தத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடவும் கூடாது. எங்கள் ஓடைகள் மருதாநதிக்குப் போகின்றன. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் குளோரின்கூட மீனுக்கு ஆகாது. ஓடையிலிருந்து தள்ளி, வெறும் மண் தரையில் வெட்டிய குழியில் விட்டு, வெயிலில் நிற்க வைத்தால் குளோரின் போய்விடும்.

அடிவாரத்துக் கிணற்று வீடுகளில் இரட்டைப் பானை முறையை இன்னும் விரும்புகிறேன். நாக்பூரில் இருக்கும் நீரி என்ற ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறை இது. உள்பானையில் ஒரு கிலோ பவுடரும் இரண்டு கிலோ ஆற்றுமணலும் ஈரமாகக் கலந்து நிரப்பி, அதை வெளிப்பானைக்குள் வைத்து, வாயைக் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிடுவது. பானைகளில் இட்ட துளை வழியாக மருந்து மெல்லக் கசிந்து, 4500 லிட்டர் அளவுள்ள வீட்டுக் கிணற்றுக்கு இரண்டு மூன்று வாரம் தாங்கும். தினமும் பொடியைத் தொடுகிற வேலை மிச்சம் என்பதே எனக்கு இதில் பிடித்தது. பானை நிரப்பும் நாளில் மட்டும் கையுறையும் கண்ணாடியும் போட்டால் போதும்.

பழைய மூட்டையை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். காப்பித்தோல் குவித்த எருக்குழியில் கொட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். கூடவே கூடாது, அந்தத் தோலும் புளிப்பு, எளிதில் பற்றக்கூடியதும்கூட. எரிக்கவும் கூடாது. மூட்டையோடு மண்ணில் புதைத்தால் அடுத்த மழையில் ஊற்றுக்கே வந்து சேரும். நான் அதைச் சாமான் ரூமிலிருந்து வெட்டவெளிக்கு மாற்றி, கட்டிகளை உடைக்காமல், பிளாஸ்டிக் டப்பாக்களில் பிரித்து, "குடிதண்ணிக்கு அல்ல" என்று எழுதி மூடிவிடச் சொல்வேன். வாரம் ஒருமுறை கொஞ்சம் எடுத்து நிறையத் தண்ணீரில் கரைத்து மாட்டுக்கொட்டகைக்கு வெளியே உள்ள சாக்கடைக்கும், லயத்துக் கழிவறை வாசல் தரைக்கும் ஊற்றலாம். ஆசிட் ஊற்றிக் கழுவுகிற நாளில் மட்டும் வேண்டாம், கொட்டகைக்குள்ளும் வேண்டாம், அங்கே மூத்திரத்தில் அம்மோனியா இருக்கும். இப்படிச் செலவழித்தால் 25 கிலோ தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும். அடுத்த முறை மலை இறங்கும்போது ஒரு கிலோ பாக்கெட் ஒன்று வாங்கி வாருங்கள்.